கரித்தூசுக்கு மருந்து: சாலைக்கு ஒன்று, கன்வேயருக்கு ஒன்று, குவியலுக்கு ஒன்று

மருந்து அடித்தும் தூசு அடங்கவில்லை என்று புகார் வரும் நிலக்கரிச் சுரங்கங்களில் பெரும்பாலும் மருந்து கெட்டிருக்காது. அடித்த இடம் தவறாக இருக்கும். கரியை நனைப்பதற்கென்று வாங்கியதைக் குவியலின் மேல் ஊற்றிவிட்டு ஒரு மாதம் தாங்கும் என்று காத்திருப்பார்கள். சாலைக்கு வந்த உப்புக் கரைசலைக் கரி சுமந்து ஓடும் கன்வேயர் பெல்ட்டின் தெளிப்பு முனையில், அதாவது நாசிலில் ஏற்றிவிடுவார்கள். தூசுக்கான இரசாயனங்கள் செய்யும் வேலை மூன்றுதான்: தண்ணீரை ஒட்டவிடாத கரித்துகளை நனைய வைப்பது, இருக்கும் ஈரத்தைக் காயவிடாமல் பிடித்து வைப்பது, துகள்களை ஒன்றோடொன்று ஒட்டி மேலே ஓடு கட்டுவது. ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது. எந்த இடத்துக்கு எது, எவ்வளவு, எப்படி என்பதைக் கீழே பார்க்கலாம். கணக்குகள் சிங்ரௌலி, கோர்பா போன்ற பெரிய திறந்தவெளிச் சுரங்கங்களை வைத்துப் போடப்பட்டவை. நெய்வேலியின் பழுப்பு நிலக்கரிக்கும் கடற்கரை நிலக்கரி முற்றங்களுக்கும் மாற வேண்டியதை அந்தந்த இடத்தில் சொல்லியிருக்கிறோம்.

மருந்து வாங்கும் முன்

திறந்தவெளிச் சுரங்கத்தில் தூசின் பெரும்பங்கு வெட்டுமுகத்தில் கிளம்புவதில்லை, டம்பர் ஓடும் சாலையில் கிளம்புகிறது. அதிலும் கரி கொஞ்சம்தான். சக்கரத்தில் அரைபட்ட கல்லும் மண்ணுமே அதிகம். அதனால் சாலையில் ‘கரிக்கான’ நனைப்பு மருந்தை அடிப்பதில் அர்த்தமில்லை. கரியை உடைக்கும் கிரஷர், கன்வேயர் மாறும் இடம், வேகனில் கொட்டும் இடம் ஆகியவற்றில் எழுவதுதான் அசல் கரித்தூசு.

செலவில்லாமல் குறைக்கக்கூடியதை முதலில் குறைத்துவிடுங்கள். டம்பரில் விளிம்புக்கு மேல் கரி ஏற்றாமல் இருந்தால் சாலையில் சிந்தாது. சிந்தியதை அன்றே, சாலையைச் சுரண்டிச் சமன்செய்யும் கிரேடர் விட்டு ஒதுக்கினால் மறுநாள் மாவாகாது. ஒரு பெல்ட்டிலிருந்து அடுத்ததற்குக் கரியை இறக்கும் சரிவுப் பெட்டியான ‘சூட்’டில் (chute) கரி விழும் உயரத்தைக் குறைப்பது, அதன் ஓர இடுக்கை மூடும் ஸ்கர்ட் ரப்பர் கிழிந்திருந்தால் மாற்றுவது, பெல்ட்டின் அடியில் ஒட்டி வரும் தூளைச் சுரண்டும் ஸ்கிரேப்பரைச் சரியாக வைப்பது ஆகிய மூன்றும் முடியாமல் அங்கே மருந்து அடித்தால், ஓட்டைப் பானைக்கு வண்ணம் பூசிய கதைதான்.

தண்ணீர் மட்டும் எவ்வளவு தாங்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்கச் சுரங்கச் சாலைகளில் அளந்தபோது, மணிக்கு ஒரு முறை தண்ணீர் தெளித்தால் தூசு ஏறக்குறைய 40 சதவீதமும், அரை மணிக்கு ஒரு முறை தெளித்தால் 55 சதவீதமும் குறைந்தன. தண்ணீரை இரட்டித்தும் கூடுதலாகக் கிடைத்தது 15 சதவீதம்தான். மே மாத வெயிலில் இதைவிடவும் மோசமாக இருக்கும். மருந்து தேவைப்படுவது இந்த இடைவெளிக்குத்தான்.

சாலை: ஈரத்தைப் பிடிக்கும் உப்புகள்

கால்சியம் குளோரைடு, மக்னீசியம் குளோரைடு இரண்டும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக் கரைந்து, சாலையை இரவும் பகலும் இலேசான ஈரத்தில் வைத்திருக்கும். ஆனால் காற்றில் ஈரம் இருந்தால்தான் உறிஞ்ச முடியும். 25 டிகிரி வெப்பத்தில் கால்சியம் குளோரைடுக்குக் காற்றின் ஈரப்பதம் 29 சதவீதத்துக்கு மேலும், மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதத்துக்கு மேலும் இருக்க வேண்டும். நெய்வேலி கடலுக்கு அருகில் இருப்பதால் அங்கே இரண்டும் ஆண்டு முழுக்க வேலை செய்யும். மத்திய இந்தியாவில் ஏப்ரல், மே பிற்பகல்களில் ஈரப்பதம் இந்த எல்லைக்கும் கீழே இறங்கிவிடும். அப்போது உப்பு காய்ந்து கிடந்து, விடியற்காலையில்தான் மறுபடி உயிர்பெறும். அந்த இரண்டு மாதங்களுக்கு லிக்னோசல்ஃபோனேட் நல்லது. காகிதக்கூழ் ஆலைகளில் மரத்தைக் கூழாக்கும்போது பிரியும் பழுப்புப் பசை அது. காற்றின் ஈரத்தை நம்பாமல் துகள்களை ஒட்டியே பிடிக்கிறது.

எதை வாங்குவது என்பதை வானிலையோடு சாலை மண்ணும் முடிவு செய்யும். மேல் 5 செ.மீ. மண்ணை நாலைந்து இடங்களில் அள்ளிக் கலந்து, 0.075 மி.மீ. சல்லடையில் தண்ணீர் விட்டு அலசிச் சலியுங்கள். அதன் வழியே இறங்கும் நுண்மண் 10 முதல் 20 சதவீதம் இருந்தால் குளோரைடு உப்புகள் நன்றாகப் பிடிக்கும். பத்துக்குக் கீழே இருந்தால் உப்பைப் பிடித்து வைக்க மண்ணே இல்லை, முதல் மழையோடு போய்விடும். களி கலந்த கிராவல் மண்ணை மேலே பரப்பிக் கலக்க வேண்டும். இருபதுக்கு மேல் போகப்போக ஈரம் பட்டதும் சேறாகி டம்பர் வழுக்கும். ஜல்லித் தூள் சேர்த்துத்தான் மருந்து. களிமண் தன்மை கூடுதலான சாலைக்கு லிக்னோசல்ஃபோனேட்டும், மணற்பாங்கான, பசையில்லாத சாலைக்குப் பாலிமர் குழம்பும் (தண்ணீரில் கலந்த செயற்கைப் பிசின்) பொருந்தும்.

அளவுகள் இவை. கால்சியம் குளோரைடு 38 சதவீதக் கரைசல் சதுர மீட்டருக்கு 1.6 லிட்டர். மக்னீசியம் குளோரைடு 30 சதவீதக் கரைசல் 2.3 லிட்டர். லிக்னோசல்ஃபோனேட் 25 சதவீதக் கரைசல் 2.3 முதல் 4.5 லிட்டர். பாலிமர் குழம்பு என்றால், 40 முதல் 50 சதவீதத் திண்மம் உள்ளதை ஒன்பது பங்கு தண்ணீரில் கலந்து 2.3 லிட்டர். இவை முதல் முறைக்கான அளவு. மறுமுறைக்குப் பாதி போதும்.

ஒரு கி.மீ. நீளம், 20 மீட்டர் அகலச் சாலைக்குக் கணக்குப் போடுவோம். பரப்பு 20,000 சதுர மீட்டர், 1.6 லிட்டர் வீதம் 32,000 லிட்டர் கரைசல். 38 சதவீதக் கரைசல் ஒரு லிட்டர் ஏறத்தாழ 1.37 கிலோ எடையிருக்கும். ஆயிரம் லிட்டர் தயாரிக்க 77 சதவீதத் தூய்மையுள்ள செதில் உப்பு 676 கிலோவும் தண்ணீர் 694 லிட்டரும் வேண்டும். மொத்தச் சாலைக்கு உப்பு 21.6 டன், தண்ணீர் 22,200 லிட்டர்.

கலக்கும்போது தண்ணீரில் உப்பைப் போடுங்கள். உப்பின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. கால்சியம் குளோரைடு கரையும்போது சூடு கக்கும். முப்பது டிகிரித் தண்ணீர் எழுபதை நெருங்கிவிடும். உப்பின் மேல் தண்ணீர் விட்டால் அடியில் கல்லாக இறுகிக் கொதித்துத் தெறிக்கும். மெல்லிய பிளாஸ்டிக் தொட்டி இந்தச் சூட்டில் வயிறு பிதுங்கும், அலுமினியப் பாத்திரம் அரிக்கும். இரும்புத் தொட்டியில், தண்ணீர் சுழன்றுகொண்டிருக்கும்போது மூட்டை மூட்டையாகப் போடுங்கள். கண்ணாடியும் ரப்பர் கையுறையும் இல்லாமல் யாரையும் மூட்டை பிரிக்க விடாதீர்கள். குளிர்காலத்தில் 38 சதவீதக் கரைசல் விடியற்காலைக் குளிரில் படிகமாகிக் குழாயை அடைக்கும். டிசம்பர், ஜனவரியில் 32 சதவீதத்தோடு நிறுத்திக்கொண்டு அடிக்கும் அளவைச் சற்றே கூட்டுங்கள்.

பலரும் கவனிக்காத ஒன்று லாரியின் எடை. 28,000 லிட்டர் ஸ்பிரிங்க்ளர் லாரி 28 டன் தண்ணீருக்காகச் செய்யப்பட்டது. அதில் இந்தக் கரைசலை முழுக்க நிரப்பினால் 38 டன் ஏறும். ஸ்பிரிங் தட்டும் பிரேக்கும் தாங்காது. 20,000 லிட்டருக்கு மேல் நிரப்பாதீர்கள். பாதித் தொட்டியில் கரைசல் அலைந்து வண்டியை ஆட்டும் என்பதால் உள்ளே தடுப்புத் தகடுகள் சரியாக இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

அடிக்கும் முறை இப்படி:

1. கிரேடரால் சாலையை நடுவில் உயர்த்தி இருபுறமும் 3 முதல் 4 சதவீதச் சரிவு கொடுங்கள். தண்ணீர் தேங்கும் குழியில் எந்த மருந்தும் நிற்காது.

2. மேல் 2 முதல் 5 செ.மீ. வரை கிளறிவிடுங்கள். இறுகிய சாலையின் மேல் அடித்தால் கரைசல் ஓரத்துக்கு ஓடிவிடும்.

3. வெறும் தண்ணீரால் இலேசாக நனையுங்கள். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் கசியக் கூடாது.

4. கரைசலை ஒரே மூச்சில் கொட்டாமல் 0.8 லிட்டர் வீதம் இரண்டு சுற்றாக அடியுங்கள். முதல் சுற்று இறங்கிய பிறகு இரண்டாவது.

5. ரோலர் விட்டு இறுக்கி, முடிந்தால் ஒரு ஷிப்டு, குறைந்தது நான்கு மணி நேரம் டம்பரை வேறு பாதையில் திருப்புங்கள்.

நான்காவது படியில் லாரியின் வேகம்தான் மருந்தின் அளவைத் தீர்மானிக்கிறது. பம்பு நிமிடத்துக்குத் தள்ளும் லிட்டரை, தெளிக்கும் பட்டையின் அகலத்தையும் சதுர மீட்டருக்கான லிட்டரையும் பெருக்கி வந்த எண்ணால் வகுத்தால், நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் போக வேண்டும் என்று வரும். பம்பு 400 லிட்டர், பட்டை 4 மீட்டர், அளவு 0.8 லிட்டர் என்றால் நிமிடத்துக்கு 125 மீட்டர், அதாவது மணிக்கு 7.5 கி.மீ. தண்ணீர் அடித்தே பழகிய ஓட்டுநர் பதினைந்து, இருபதில் போவார். மருந்து பாதிகூட விழாது. பத்து நாளில் தூசு கிளம்பும், பழி மருந்தின் மேல் விழும். சரிபார்க்க எளிய வழி உண்டு. 50 செ.மீ. சதுரத் தட்டு ஒன்றைச் சாலையில் வைத்து அதன் மேல் லாரியை ஓட்டித் தெளிக்கச் சொல்லுங்கள். தட்டில் விழுந்ததை எடை போட்டு நான்கால் பெருக்கினால் சதுர மீட்டருக்கான அளவு. எடையை 1.37ஆல் வகுத்தால் லிட்டர். தட்டை நடுவிலும் ஓரத்திலும் வைத்துப் பார்த்தால் அடைத்த நாசிலும் தெரிந்துவிடும்.

நூறு டன் டம்பர்கள் இடைவிடாமல் ஓடும் சாலையில் ஒரு தடவை அடித்தது சில வாரங்களே தாங்கும். ‘ஒரு பருவம் முழுக்க’ என்று விற்பவர் சொல்வது கிராமத்து மண்சாலையில் ஓடும் காரை வைத்துச் சொல்வது. இடையில் தூசு தலைகாட்டினால் உடனே மருந்துக்குப் போக வேண்டாம். உப்பு உள்ளே இருக்கும்வரை மாலையில் இலேசாகத் தண்ணீர் தெளித்தாலே மேலே ஏறி வரும். கிரேடர் ஆழமாக வெட்டிவிட்டால் மட்டும் பாதி அளவு மறுபடி அடியுங்கள்.

ஏற்றங்களில் எச்சரிக்கை வேண்டும். இந்தியச் சுரங்கங்களில் டம்பர் சாலையின் சரிவு 16க்கு 1 என்ற அளவைத் தாண்டக் கூடாது, குறுகிய ஏற்றங்கள் மட்டும் 10க்கு 1 வரை போகும். இந்த ஏற்றங்களில் முழுப் பரப்பையும் நனைத்தால் சுமையோடு இறங்கும் வண்டிக்குப் பிரேக் பிடிக்காது. அங்கே ஒரு பட்டை அடித்து, ஒரு பட்டை விட்டு, மறுபடி ஒரு பட்டை என்று காய்ந்த இடைவெளி விட்டு அடியுங்கள். தூசு கொஞ்சம் இருக்கட்டும், வண்டி நிற்க வேண்டும்.

பழைய எஞ்சின் ஆயிலைச் சாலையில் ஊற்றும் வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. சட்டப்படியும் தவறு, மண்ணுக்கும் கேடு. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் டைம்ஸ் பீச் என்ற ஊரில் 1970களில் தூசுக்காகத் தெருவில் தெளித்த கழிவு எண்ணெயில் டையாக்சின் என்ற நச்சு கலந்திருந்தது. 1983இல் அரசு அந்த ஊரையே விலைக்கு வாங்கி மக்களை வெளியேற்ற வேண்டி வந்தது.

கிரஷரும் கன்வேயரும்: நனைக்கும் மருந்து

புதிதாக உடைத்த கரித்தூளை ஒரு டம்ளர் தண்ணீரில் தூவிப் பாருங்கள், மேலேயே மிதக்கும். கரியின் மேற்பரப்பு எண்ணெய்த் தன்மை கொண்டது, தண்ணீரின் பரப்பு இழுவிசையோ மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். இரண்டும் ஒட்டாது. நனைப்பு மருந்து, சுரங்கத்தில் வெட்டிங் ஏஜென்ட் என்று சொல்வது, இந்த இழுவிசையை 30 அளவுக்கு இறக்குகிறது. துளி உருண்டு ஓடாமல் துகளின் மேல் படர்கிறது.

எந்த மருந்து, எத்தனை சதவீதம் என்று விற்பவரின் தாளை நம்பாமல் உங்கள் கரியில், உங்கள் சுரங்கத் தண்ணீரில் சோதியுங்கள். கரியை அரைத்து 0.075 மி.மீ. சல்லடையில் சலித்துக் காயவையுங்கள். 200 மி.லி. கண்ணாடிக் குவளைகளில் சுரங்கத் தண்ணீரை ஊற்றி, மருந்தை 0.02, 0.05, 0.1, 0.2, 0.5 சதவீதம் என்று கலந்து, ஒன்றை மருந்தில்லாமல் விடுங்கள். ஒவ்வொன்றின் மேலும் அரை கிராம் கரித்தூளை ஒரே உயரத்திலிருந்து மெல்லத் தூவி, கடைசித் துகள் முங்கும்வரை நேரம் பாருங்கள். சதவீதம் ஏற ஏற நேரம் சட்டென்று குறையும். ஒரு கட்டத்துக்குப் பிறகு குறைவதே இல்லை. அந்தத் திருப்பத்தைச் சற்றுத் தாண்டிய அளவுதான் உங்களுக்கு. அதற்கு மேல் போட்டால் நுரைதான் கூடும், காசு கரையும்.

சோதனையைக் குடிதண்ணீரில் செய்யாதீர்கள் என்பதற்குக் காரணம் இருக்கிறது. சுரங்கத்தில் ஊறும் தண்ணீர் பெரும்பாலும் கடினநீர். சோப்பு வகை எதிரயனி மருந்துகளை (தண்ணீரில் எதிர்மின்னூட்டம் பெறுபவை) அதிலுள்ள கால்சியம் பிடித்துத் தயிர்போலத் திரிய வைத்து, நாசிலை அடைக்கும். அப்படியானால் மின்னூட்டமே இல்லாத அயனியில்லா வகைக்கு மாறுங்கள். அதற்கும் ஒரு குறை உண்டு: அயனியில்லா மருந்துகள் சில, குறிப்பிட்ட வெப்பத்துக்கு மேல் தண்ணீரிலிருந்து பிரிந்து கலங்கலாகிவிடும். வெயிலில் நிற்கும் கறுப்புத் தொட்டியில் மே மாதம் தண்ணீர் ஐம்பது டிகிரியைத் தொடும் என்பதால், குவளைச் சோதனையை அந்த வெப்பத்திலும் ஒரு முறை செய்து பாருங்கள். இரண்டு கம்பெனி மருந்தை ஒரே தொட்டியில் கலக்கவே வேண்டாம். ஒன்று நேர்மின்னூட்டமுள்ள நேரயனி, மற்றது எதிரயனி என்றால் இரண்டும் சேர்ந்து கட்டிதட்டி இரண்டுமே வீண்.

அளவுக் கணக்கு: மணிக்கு 1,000 டன் போகும் பெல்ட்டில் அரை சதவீத ஈரம் சேர்க்க வேண்டும் என்றால் மணிக்கு 5,000 லிட்டர், நிமிடத்துக்கு 83 லிட்டர் தண்ணீர். மருந்து 0.1 சதவீதம் என்றால் மணிக்கு 5 லிட்டர். இந்த 83 லிட்டரையும் ஒரே இடத்தில் ஊற்றக் கூடாது. பெரும்பகுதியைக் கரி உடையும் இடத்திலேயே, கிரஷருக்குள் விழும்போது கொடுங்கள். புதிய பரப்பு பிறக்கும் நொடியில் துளி பட்டால், கரி புரண்டு விழுவதே கலக்கும் வேலையையும் செய்துவிடும். மிச்சத்தை அடுத்தடுத்த சூட்களுக்குப் பிரித்துவிடுங்கள்.

நாசிலின் வாய் கரி ஓட்டத்தைப் பார்க்க வேண்டும், கிளம்பி நிற்கும் தூசு மேகத்தை அல்ல. பறக்கும் தூசைப் பிடிக்க விரும்புபவர்கள் அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போவார்கள். அதிக அழுத்தத் தெளிப்பு தன்னோடு காற்றை இழுத்து வந்து, சூட்டின் இடுக்குகள் வழியாகத் தூசை வெளியே தள்ளும். மூடிய உறைக்குள்ளே மட்டும், தூசின் அளவுக்கு நெருங்கிய நுண்துளி நாசில்கள் பயன்படும். பெரிய துளியைச் சுற்றிக் காற்று வளைந்து ஓடுவதால் நுண்தூசு அதில் மோதாமல் நழுவிவிடும். நாசிலுக்கு முன்னால் வடிகட்டி கட்டாயம். வாரம் ஒரு முறையாவது கழற்றிக் கழுவ ஆள் பெயரைப் போட்டு வையுங்கள்.

பெல்ட்டில் கரி இல்லாதபோது தெளிப்பு ஓடவே கூடாது. வெறும் பெல்ட் நனைந்தால் டிரம்மில் வழுக்கும், அடியில் தூள் அப்பும், அந்தத் தூள் காய்ந்து உதிரும்போது புதிய தூசு. கரி வருவதை உணரும் சுவிட்சோடு, மின்சாரத்தில் திறந்து மூடும் சொலினாய்டு வால்வை இணைத்துவிடுங்கள்.

அரை சதவீதத்துக்கு மேல் ஈரம் சேர்க்க வேண்டாம் என்பதும் கஞ்சத்தனத்துக்காக இல்லை. ஒரு சதவீத ஈரம் என்றால் டன்னுக்குப் பத்து கிலோ தண்ணீர். அதை ஆவியாக்கக் கொதிகலனில் 25 மெகாஜூல் போகிறது. நாலாயிரம் டன் ரயிலில் நாற்பது டன் தண்ணீரைக் கூலி கொடுத்துச் சுமக்க வேண்டும். மழைக்காலத்தில் சூட் அடைப்பதும் இதே ஈரத்தால்தான். ஈரம் அறவே பிடிக்காத இடத்தில் நுரைத் தெளிப்பைப் பாருங்கள். மருந்துக் கரைசலைக் காற்றோடு கலந்து ஷேவிங் நுரைபோலக் கரியின் மேல் விட்டால், கால் சதவீத ஈரத்துக்குள் வேலை முடிந்துவிடும். அழுத்தக் காற்றும் தனி மருந்தும் வேண்டும், செலவு கூடும்; நாசிலும் வெளியே இல்லாமல் கரி புரளும் இடத்துக்குள்ளேயே இருக்க வேண்டும்.

சாலைக்கான குளோரைடு உப்புகளைக் கரியின் மேல் அடிக்கவே அடிக்காதீர்கள். குளோரின் கொதிகலன் குழாய்களை அரிக்கும், அனல்மின் நிலையம் கரியைத் திருப்பி அனுப்பும்.

குவியல்: ஓடு கட்டுவது

முற்றத்தில் நாள்கணக்கில் கிடக்கும் குவியலுக்கு நனைப்பு மருந்து போதாது. தண்ணீர் காய்ந்ததும் அதன் வேலை முடிந்தது. இங்கே வேண்டியது அக்ரிலிக் அல்லது வினைல் அசிடேட் வகைப் பாலிமர் குழம்பு. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாள்வது 2011இல் உயர் நீதிமன்ற ஆணையால் நின்று எண்ணூருக்குப் போனதற்கே ஊருக்குள் பறந்த தூசுதான் காரணம். கடற்காற்று அடிக்கும் முற்றங்களில் ஓடு கட்டாத குவியலை ஒரு வாரம்கூட விடக் கூடாது.

குழம்பை 3 சதவீதமாகக் கரைத்துச் சதுர மீட்டருக்கு 2 லிட்டர் அடித்தால் ஒரு செ.மீ.க்குச் சற்றுக் குறைவான ஓடு பிடிக்கும். 10,000 சதுர மீட்டர் பரப்புக்கு 20,000 லிட்டர் கரைசல், அதில் குழம்பு 600 லிட்டர். பரப்பைக் கணக்கிடும்போது தரையின் அளவை எடுக்காமல் சரிவின் நீளத்தை அளந்து எடுங்கள். 37 டிகிரிச் சரிவில் பரப்பு தரையளவைவிட கால் பங்கு கூடும். இதைத் தவறவிட்டால் காற்று நேராக மோதும் உச்சியில்தான் மருந்து போதாமல் போகும்.

காய்ந்த கரியின் மேல் நேரடியாகக் குழம்பை அடிப்பதுதான் வழக்கமாக நடக்கும் பிழை. குழம்பு உள்ளே இறங்காமல் மணிமணியாக நின்று காய்ந்து, காகிதம்போல ஏடாக உரியும். ஒரு பெருங்காற்றில் ஏடு ஏடாகப் பறக்கும். முதலில் 0.1 சதவீத நனைப்பு மருந்துத் தண்ணீரை இலேசாக அடித்து, மேல்தோல் நனைந்த பிறகு குழம்பை இரண்டு சுற்றாக அடியுங்கள். சரிவின் அடியில் பால் நிறத்தில் வழிந்து தேங்கினால் ஒரு சுற்றுக்கு அதிகம் அடிக்கிறீர்கள் என்று பொருள். காற்று குறைவான காலை நேரம் நல்லது. அடித்துப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் மழை வந்தால் ஓடு கரைந்துவிடும்.

மறுநாள் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். உடையாமல் இலேசாக வளைந்து கொடுத்தால் சரி. இலை ஊதும் இயந்திரத்தை அரை மீட்டர் தள்ளி வைத்து ஊதினால் தூள் கிளம்பக் கூடாது. லோடர் வாயை வைத்த முகத்தில் ஓடு போய்விடும். அன்றைய வேலை முடிந்ததும் அந்த முகத்துக்கு மட்டும் அடியுங்கள்.

நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியில் பாதியளவு ஈரம். குவியலில் காயக் காயச் சுருங்கி நொறுங்கும். இறுகிக் காயும் பாலிமர் அதோடு சேர்ந்து வெடிக்கும். காய்ந்த பிறகும் ரப்பர்போல நெகிழும் வகையைக் கேட்டு வாங்குங்கள், பத்து நாளுக்கொரு முறை விரிசல் பாருங்கள். இந்தக் கரி தானாகப் பற்றிக்கொள்ளவும் செய்யும். ஓடு காற்று புகுவதைக் குறைப்பதால் சூடேறுவதைத் தள்ளிப்போடும், ஆனால் ஏற்கெனவே சூடான குவியலை ஓட்டால் மூடிவிட்டால் உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். அடிக்கும் முன் கம்பி வெப்பமானியை ஒன்றரை மீட்டர் ஆழத்துக்குச் செருகிப் பாருங்கள். அறுபது டிகிரி தாண்டிய இடத்தைத் தோண்டிப் பரப்பி ஆறவிட்டு, அடுக்கடுக்காக இறுக்கிய பிறகே மருந்து.

வேகன்

ஓடும் ரயிலில் கரி பறப்பது ஊருக்கு மட்டும் தொல்லை இல்லை. அமெரிக்காவின் வயோமிங்கில் பவுடர் ரிவர் படுகையிலிருந்து செல்லும் தடத்தில் 2005 மே மாதம் இரண்டு ரயில்கள் தடம் புரண்டன. தண்டவாளத்துக்கு அடியிலுள்ள ஜல்லியில் கரித்தூசு புகுந்து வடிகால் கெட்டதே காரணமாகச் சொல்லப்பட்டது. அதன் பிறகு பிஎன்எஸ்எஃப் ரயில்வே 2011 அக்டோபர் முதல், தூசை 85 சதவீதம் குறைக்கும்படி சுமையை வழித்து மேலே ஒட்டும் மருந்து அடிப்பதை விதியாக்கியது.

வழிப்பதுதான் பாதி வேலை. கூம்பாக நிற்கும் கரியின் உச்சியைக் காற்று சீவும். ஏற்றும் சூட்டின் பின்னாலேயே வளைந்த தகடு ஒன்றைப் பொருத்தி, மேற்பரப்பை ரொட்டியின் முதுகுபோல வழித்துவிட்டு, ஓரங்களில் வேகன் விளிம்புக்குக் கீழே சில செ.மீ. விடுங்கள். பிறகு குழம்பு. மேலே திறந்த பாக்ஸ்என் வகை வேகன் ஒன்றின் மேல்பரப்பு சுமார் 29 சதுர மீட்டர், 1.5 லிட்டர் வீதம் ஒரு வேகனுக்கு 43 லிட்டர், 58 வேகன் கொண்ட ரயிலுக்கு ஏறத்தாழ 2,500 லிட்டர். வேகன் இடைவெளி வரும்போது வால்வு மூட வேண்டும், இல்லையென்றால் இணைப்பிலும் பிரேக் குழாயிலும் பசை படியும்.

நிலத்தடிச் சுரங்கத்தில்

அங்கே தூசு வெடிக்கும் என்பதால் கணக்கே வேறு. 1906இல் பிரான்சின் கூரியேர் சுரங்கத்தில் 1,099 பேரையும், 1965இல் நம் நாட்டில், இன்றைய ஜார்க்கண்டிலுள்ள தோரி சுரங்கத்தில் 268 பேரையும் கொன்றது கரித்தூசு வெடிப்பு. வெட்டு இயந்திரத்தின் தெளிப்பில் நனைப்பு மருந்து சேர்ப்பது மூச்சுக்குள் போகும் தூசைக் குறைக்கும். வெடிப்பைத் தடுக்கும் வேலை சுண்ணாம்புக்கல் தூளுக்குத்தான். நனைந்த கரித்தூசு காய்ந்தால் மறுபடி வெடிமருந்தே. மருந்துத் தெளிப்பைக் காட்டிக் கல்தூள் தூவுவதைக் குறைக்க யார் கேட்டாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அளந்து பார்ப்பது

மருந்துக்கு முன்னும் பின்னும், காற்று வரும் பக்கமும் போகும் பக்கமும் பிஎம்10 (10 மைக்ரோமீட்டருக்கு உட்பட்ட நுண்தூசு) மானியை வைத்து, இரண்டின் வித்தியாசத்தை ஒப்பிடுங்கள். ஒரு பக்க அளவை மட்டும் வைத்தால் ஊர்த் தூசும் உங்கள் கணக்கில் சேரும். டம்பர் எண்ணிக்கை இரண்டு நாளும் ஒத்திருக்க வேண்டும். குடியிருப்புப் பகுதிக்கு இந்தியாவின் 2009ஆம் ஆண்டுத் தரம் 24 மணி நேரச் சராசரியாகக் கனமீட்டருக்கு 100 மைக்ரோகிராம். அன்றாடத்துக்குக் கண்ணே போதும்: மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் போகும் டம்பரின் பின்னால் தூசு சக்கரத்தின் அச்சு உயரத்தைத் தாண்டினால் அன்று மாலை தண்ணீரோ மருந்தோ வேண்டும்.

மழையும் கழிவுநீரும்

ஜூன் பிறந்ததும் மத்திய இந்தியச் சுரங்கங்களில் சாலை மருந்தை நிறுத்திவிடுங்கள். மழையில் அடித்த உப்பு அப்படியே ஓடைக்குப் போகும். மழை ஓய்ந்து சாலையைச் சீர்செய்ததும், அக்டோபர் கடைசியில் முழு அளவோடு தொடங்கலாம். நெய்வேலியில் வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரை இழுப்பதால் தொடக்கத்தை ஜனவரிக்குத் தள்ளுங்கள். ஓடை, குளம், கிணறு இவற்றிலிருந்து குறைந்தது 8 மீட்டர் தள்ளியே குளோரைடு அடிக்கலாம். வயல் ஒட்டிய சாலையில் வேண்டவே வேண்டாம், வேரில் உப்பேறிப் பயிர் கருகும். அடித்த லாரியை அன்றே நல்ல தண்ணீரில் கழுவாவிட்டால் சேஸிஸ் துருப்பிடிக்கும்.

நனைப்பு மருந்து கலந்த தண்ணீர் வடிந்து, கரியைக் கழுவிச் சுத்தம் செய்யும் வாஷரியின் சுழற்சித் தண்ணீரில் சேராமல் பாருங்கள். நுரை மிதப்புத் தொட்டியில் கரியைச் சாம்பலிலிருந்து பிரிப்பதே கரி தண்ணீரில் ஒட்டாத குணத்தை வைத்துத்தான். அதைக் கெடுக்கும் மருந்து அங்கே போனால் நல்ல கரியும் கழிவோடு அடியில் இறங்கும். கன்வேயர்ப் பகுதி வடிகாலுக்குத் தனி வண்டல் குட்டை ஒன்று வெட்டி, அந்தத் தண்ணீரைச் சாலைக்குத் தெளிக்க மட்டும் எடுங்கள்.